கொசுறு விரல்

ஜனவரி 24

என் அருமை வாண்டுக்கு மாமன் எழுதுவது. இங்கே எங்கள் எல்லாருக்கும் இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன். செயற்கை விரல் செய்து பிழைக்கிறவன் வேறு எப்படி நலம் விசாரிப்பான், சொல்?

நீ அனுப்பிய மெமரி கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். பெரிய மெஷின் கம்பெனி ஒன்று தன் புதுக் கண்டுபிடிப்பைச் சோதித்துப் பார்க்க ஊர் ஊராகத் தேடி, ஆள் கிடைக்காமல், கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறது என்று. முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உங்க அக்கா பொண்ணு வேலை செய்ற கம்பெனிதானே?" என்றார். அதுவும் ஒரு காரணம் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஆகப் பதினாறு வகுப்பு. நம் மெஷின், மை அடிக்கிற பிரிண்டருக்கு அண்ணன். மைக்குப் பதில் ரெசின் என்கிற பிசினைப் பொட்டுப் பொட்டாகத் தெளித்து, ஊதா விளக்கில் இறுக வைத்து, ரோலரால் மட்டம் தட்டி, ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்காக விரலை வளர்க்கிறது. ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் கேமரா இறங்கி வந்து பார்க்கும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த அடுக்கு. போடுவதற்கு ஆறு விநாடி, பார்ப்பதற்குப் பன்னிரண்டு விநாடி! ஒரு முழுக் கைக்கு ஆயிரம் அடுக்கு, ஐந்து மணி நேரம். உன் புரோகிராம் அதன் காதில் என்ன ஓதுகிறது? 'சும்மா சும்மா குனிந்து பார்க்காதே. நாலு அடுக்குக்கு ஒரு தடவை பார். நடுவில் எப்படி இருக்கும் என்று நீயே ஊகித்துக்கொண்டு போடு.' சரிதானே?

ஓட விட்டேன். இரண்டரை மணி நேரத்தில் கை தயார். சோதனைக்கு நீ அனுப்பியிருந்தது உன் வலது கையின் அளவே என்று தெரிந்ததும் பட்டறையில் விட்டுவர மனசு வரவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அத்தை, "சாப்பிடுற மேஜைல யார் கையைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க!" என்று அலறியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. உன் அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நகம் வளர்ந்திருக்கு பாரு. சொன்னா வெட்டிக்கவே மாட்டா" என்றாள்.

கையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கார்டு வரட்டும். உன் மாமன் தயார்.

*

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது, தூக்கம் மட்டும் இல்லை. இங்கே கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடுதிக்குத் திரும்பும்போது பேசத் தெம்பு இருப்பதில்லை. அதனால் கடிதமே நல்லது. அம்மாவிடமும் அத்தையிடமும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஜூன் மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு கையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். நிஜமான ஒரு பட்டறையில் ஓடியதற்குச் சாட்சி வேண்டும் என்கிறார். அந்தச் சாட்சி நீங்கள். அதனால் ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பேச்சில் எப்போதும் கொஞ்சம் கொசுறு இருக்கும். ஒரு காது கேட்டு வந்தவருக்கு இரண்டு காது செய்து கொடுத்து மூன்று காதோடு அனுப்பினேன் என்று என் பத்து வயதில் சொன்னீர்கள். நான் பல வருஷம் நம்பினேன். இந்தச் சோதனையில் மட்டும் கொசுறு வேண்டாம்.

அம்மா சொன்ன நகம். அளவு எடுத்த அன்று நான் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தேன். ஃபைலில் நகம் வெறும் கோடுதான். நீங்கள் அனுப்பிய கையில் அது வளர்ந்திருக்கிறது. பார்சலைப் பிரித்ததும் என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்றைய தேதிக்கு என் நகம் எவ்வளவோ, அதுவும் அவ்வளவு. ஊகிக்கும்போது விளிம்பை நீட்டிவிடுகிறது போலிருக்கிறது. திருத்தியிருக்கிறேன். இந்தக் கார்டில் பன்னிரண்டு அடுக்குக்கு ஒரு தடவைதான் பார்க்கும், மற்றதெல்லாம் ஊகம்.

உங்கள் வாண்டு.

*

பிப்ரவரி 26

என் அருமை வாண்டுக்கு,

இங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, உன் அத்தையின் வாய் உட்பட.

பன்னிரண்டு அடுக்கு, இரண்டு மணி நேரம்! கொசுறு இல்லாமல் சொல்கிறேன், இந்த வீதியிலும் அடுத்த வீதியிலும் அதற்கடுத்த வீதியிலும் இதே பேச்சு.

இப்போது ஒன்று சொல்லப் போகிறேன். நம்பினால் நம்பு. கார்டு வந்த மறுநாள் ஒரு தையல்காரர் வந்தார். இடது கட்டைவிரல் இல்லாதவர். வலது கட்டைவிரலை அளவெடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டு, இடதுக்குச் செய்வதுதான் நம் முறை என்று உனக்குத் தெரியும். அவருக்கு அவசரம். எனக்கு உன் புரோகிராமை ஓட்டிக் காட்ட ஆசை. போட்டேன். விரல் அழகாக வந்தது, நகத்தின் நடுவில் ஒரு துளையைத் தவிர. ஊசி குத்திய மாதிரி, அடியில் ரத்தம் கட்டிய நிறத்தோடு. அவர் விரலில் அப்படி ஒன்றும் கிடையாது. அடைத்து, மெருகு போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள் கழித்து மனிதர் வந்து நிற்கிறார், வலது கட்டைவிரலில் கட்டோடு. தையல் மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிட்டதாம். கட்டைப் பிரித்துக் காட்டினார். நான் எந்த இடத்தில் அடைத்தேனோ அதே இடம்!

"உங்க விரலை எங்க மெஷினுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குங்க" என்றேன்.

"அப்படியா? எங்க வீட்டுக்காரம்மா எப்ப திரும்பி வருவான்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். பட்டறையே சிரித்தது. வாசலில் 'வருங்காலம் பார்க்கப்படும்' என்று பலகை மாட்டலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது.

உன் கையையும் பன்னிரண்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே ஓர் இடத்தில் ரெசின் கருகின மாதிரி இருக்கும். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நாட்டிலேயே வேகமான கைக்குச் சொந்தக்காரன்,
உன் மாமன்.

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு சின்னத் தீக்காயம் தவிர.

தையல்காரர் கதையை அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் மாமா, சோதனைப் புரோகிராமை வாடிக்கையாளர்களிடம் ஓட்டாதீர்கள். அவர்கள் பாவம்.

தீக்காயத்தைச் சொன்னேனே. திங்கட்கிழமை இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது. வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே. உங்கள் பார்சல் வந்தது புதன்கிழமை. அந்தக் கருகிய இடம் பிறை நிலா வடிவில் இருந்தது. என் காயமும் அப்படித்தான். கொஞ்ச நேரம் அந்தக் கையை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. உங்கள் கதையைப் படித்துவிட்டு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நான் கணக்குப் படித்தவள். இரண்டு தடவை நடந்தால் அது தற்செயல்தான்.

இதுதான் கடைசிக் கார்டு. நாற்பது அடுக்கு ஊகம். ஏப்ரல் ஐந்தாம் தேதி கூட்டத்துக்கு உங்கள் கடிதம் வேண்டும். ஒரே ஒரு வரி போதும், குறை இருக்கிறது அல்லது இல்லை என்று. ஆனால் மெஷினில் கை வளரும் தட்டைத் திறந்து, கையை எடுத்து, வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகு எழுதுங்கள். பார்த்த பிறகு மட்டும். இதில் என் வேலையே இருக்கிறது.

உங்கள் வாண்டு.

*

மார்ச் 30

என் அருமை வாண்டுக்கு, உன் கம்பெனியின் மேனேஜருக்கும் சேர்த்து,

எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, பெருமை மட்டும் தலைக்கு மேல் போய்விட்டது!

நாற்பது. ஒன்றே முக்கால் மணி நேரம். மெஷினின் சத்தமே மாறிவிட்டது. முன்பெல்லாம் போடும், நிற்கும், குனிந்து பார்க்கும். மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி. இப்போது நிற்கிற பேச்சே இல்லை. எதற்கும் திரும்பிப் பார்க்காமல் போகிறது. முதலாளி தன் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார்.

மேனேஜர் அவர்களே, இருபத்திரண்டு வருஷமாகக் கையும் விரலும் செய்கிறவன் சொல்கிறேன். கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறை கிடையாது. ஐந்து விரலும் கடைந்தெடுத்த மாதிரி நிற்கின்றன. ரேகை வைத்து ஜோசியமே பார்க்கலாம். நாற்பது என்ன, நானூறு கூடப் போடலாம்.

கூரியர்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். கை அடுத்த பார்சலில் வரும்.

இப்படிக்கு,
தலைமை விரல் நிபுணர்

*

மார்ச் 31

வாண்டு,

நேற்று எழுதிய கடிதத்தை யாரிடமும் காட்டாதே. நாற்பது வேண்டாம். மெஷின் கெட்டுவிட்டது. கை உடைந்துவிட்டது. கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீ அங்கே மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலையா, மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலையா? இதுவரை நான் கேட்டதே இல்லை. நிற்கிற வேலை என்றால் மாற்றிக் கேள். உடனே பதில் போடு.

மாமன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே முதல் கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். ஜோசியம் பார்க்கலாம் என்ற இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். இனி வேண்டாம் என்று நான் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? எது உண்மை? முதல் நாள் குறையே இல்லாத கை மறுநாள் எப்படி உடைந்தது? உடைந்ததையாவது அனுப்புங்கள். நலமா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கார்டில் மெஷின் எழுதிவைத்த பதிவைப் பார்த்தேன். ஆயிரம் அடுக்கும் முடிந்திருக்கின்றன. பிழை எதுவும் இல்லை. ஒன்றுதான் புரியவில்லை. ஒரு முழுக் கைக்கு ஆக வேண்டியதைவிட ரெசின் குறைவாகச் செலவாகியிருக்கிறது. ஏன்?

நான் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில்தான் நிற்கிறேன். இங்கிருப்பது பெரியது, ஒரு அறை அளவு. கதவைத் திறந்தால் எல்லாம் நின்று, முதலிலிருந்து பார்க்க ஆரம்பிக்கும். நேரம் வீணாகிறது என்று, அப்படி நிறுத்துகிற கதவுப் பூட்டைச் சோதனை முடியும் வரை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். எடுத்துவிட்டோம். இப்போது நன்றாக ஓடுகிறது.

வாண்டு.

*

ஏப்ரல் 25

என் அருமை வாண்டுக்கு,

நலம். நலமாக இரு. எப்படியாவது நலமாக இரு.

பூட்டை மறுபடி மாட்டச் சொல். இன்றைக்கே மாட்டச் சொல். மாட்ட மாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வா. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதுற, நீளமா எழுதாம?" என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை, வேலை விஷயம் என்றேன்.

உடைந்த கையைக் குப்பையில் போட்டுவிட்டேன். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதைக் கேட்காதே.

இத்துடன் ஒரு சின்ன மரப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். நானே செய்தது, நானே ஆணி அடித்தது. நான் சொல்லும் வரை திறக்காதே. ஒரு வருஷம் கழித்து, 'திறக்காமலே தூக்கிப் போடு' என்று எழுதுவேன். அப்போது இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம். மாமனால் ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள முடியாது என்று குடும்பமே சொல்லும். இந்த ஒன்றையாவது வைத்துக்கொள்கிறேன்.

தட்டுக்குள் எது விழுந்தாலும் விழட்டும். தங்கமே விழட்டும். கையை விடாதே.

மாமன்

*

ஜூன் 19

மாமா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. முதலில் கோபத்தில் பதில் போடவில்லை. பிறகு முடியவில்லை.

மே 21. தட்டின் ஓரத்தில் ரெசின் ஒரு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கையை விட்டேன். இரண்டு விநாடி வேலை. பழைய முறை என்றால் கேமரா இறங்கி வந்து பார்த்திருக்கும். கை தெரிந்திருக்கும். நின்றிருக்கும். இப்போது அது பார்க்கவில்லை. அடுத்த நாற்பது அடுக்குக்குத் தட்டில் கை எதுவும் இருக்காது என்று ஊகித்துக்கொண்டது. நான் எழுதிக் கொடுத்த ஊகம்தான். ரோலர் வந்தது.

சுண்டு விரலும் மோதிர விரலும். வலது கையில். டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உங்கள் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் படித்தேன். மேஜை வேலையா, நிற்கிற வேலையா? பூட்டை மாட்டு. கையை விடாதே. மாமா, உங்களுக்கு முன்பே தெரியுமா?

*

ஜூன் 27

என் கண்ணே,

எப்படி நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. நான் எப்போதும் எழுதுகிற வரியை எழுதக் கை வரவில்லை.

தெரியும்.

மார்ச் 30 அன்று அந்தக் கடிதத்தை எழுதும்போது மெஷின் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. கூரியர்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். நாலும் நன்றாக வந்தது, பன்னிரண்டும் நன்றாக வந்தது, நாற்பது மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். திறந்து பார்க்காமலே, பார்த்தேன் என்று எழுதினேன். வெளிச்சம், ஐந்து விரல், ரேகை, ஜோசியம் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினேன். உறையை ஒட்டிக் கொடுத்தனுப்பினேன். அப்புறம்தான் தட்டைத் திறந்தேன்.

கை இருந்தது. சில விரல்கள் இல்லை.

உடைந்திருந்தால் எனக்குத் தெரியாதா? பாதியில் நின்றிருந்தால் தெரியாதா? வெட்டுப்பட்ட விரலின் முனை வேறு, நசுங்கியதால் எடுத்த விரலின் முனை வேறு. இருபத்திரண்டு வருஷமாகத் தினம் பார்க்கிறேன். இவை நசுங்கி, எடுத்து, தைத்து, ஆறிய முனைகள். தையல் தழும்பு கூடத் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே உன் தீக்காயமும் இருந்தது, ஆறிப்போய் வெளுத்து.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். தையல்காரர் கதை மாதிரியே இருந்தது. என் கையெழுத்தில் எதை எழுதினாலும் அது கதையாகிவிடுகிறது, வாண்டு. உன் அறைத்தோழி வயிறு வலிக்கச் சிரிப்பாள் என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு. வாயால் சொல்லிவிட்டால் நடந்துவிடும், சொல்லாமல் இருந்தால் ஒருவேளை நடக்காது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

உன் கடிதம் வந்ததும் அக்காவிடம், "ரெண்டுதான், ரெண்டே ரெண்டுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டு விரல் போயிருக்கு, என்னமோ தப்பிச்ச மாதிரி பேசுறியே?" என்றாள்.

பெட்டியைத் திற. உன் முதல் கார்டின் அளவை வைத்துச் செய்தவை. பழைய முறையில், ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துப் பார்த்துப் போட்டவை. பொருந்தும்.

மாமன்

*

ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

காயம் ஆறிவிட்டது. வலி இல்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. நானும் பார்க்காமல் போட்டவள்தானே?

அறைத்தோழி ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தாள். பஞ்சுக்கு நடுவில் பார்த்ததும் அழுதுவிட்டேன். சுண்டு விரலை மாட்டிக்கொண்டேன். அளவு, நிறம், நகத்தின் வளைவு எல்லாம் என்னுடையதே. மோதிர விரலும் அப்படித்தான். இரண்டையும் மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழகாக இருந்தது. பெட்டியை மூடப் போனபோது பஞ்சுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது.

மாமா, பெட்டியில் மூன்று விரல்கள் இருக்கின்றன.

மூன்றாவது என் நடுவிரல். வலது கை நடுவிரல். இந்தக் கடிதத்தை எழுதும் பேனாவைத் தாங்கிப் பிடித்திருப்பதே அதுதான்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நிரந்தரமாக்கிவிட்டார்கள். விபத்துக்குக் காரணம் என் அஜாக்கிரதை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பூட்டை இன்னும் மாட்டவில்லை. அடுத்த இலக்கு எண்பது அடுக்காம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கை உடைந்தது என்றீர்கள், பிறகு குப்பையில் போட்டேன் என்றீர்கள். கடைசிக் கடிதத்தில் சில விரல்கள் இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை இல்லை என்று எழுதவில்லை. அன்று குறைந்த ரெசினின் அளவு என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடையை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். எண் மட்டும். மூன்றாவது விரல் உங்கள் வழக்கமான கொசுறு, திருப்பி அனுப்பிவிடு என்று நீங்கள் எழுதினால் நம்பிவிடுகிறேன். மறு தபாலிலேயே அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் வாண்டு.

*

ஜூலை 15

என் அருமை வாண்டுக்கு மாமன் எழுதுவது. இங்கே எங்கள் எல்லாருக்கும் எல்லாம் அதனதன் இடத்தில். உனக்கும் இனிமேல் அப்படித்தான்.

உன் மாமனைப் பற்றி உனக்குத் தெரியாதா? எதைக் கொடுத்தாலும் ஒன்று கூடக் கொடுக்கிற கை. ஒரு காது கேட்டால் இரண்டு காது. இரண்டு விரல் என்றால் மூன்று. அது கொசுறுதான். வேறென்ன? இதற்குப் போய்க் கணக்கு, ரெசின் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்களா? கணக்குப் படித்தவர்களோடு பேசுவதே கஷ்டம்.

இங்கே செய்திக்குப் பஞ்சமில்லை. முதலாளி என்னைக் கேட்காமல் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை. தையல்காரர் வீட்டுக்காரம்மா திரும்பி வந்துவிட்டார். என்னால்தான் என்று வீதியெல்லாம் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. உன் அத்தை எனக்கு மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள். இதை மட்டும் நம்பாதே.

நம் மெஷினில் உன் புரோகிராமை மார்ச்சிலேயே எடுத்துவிட்டேன். மறுபடி ஒவ்வொரு அடுக்குக்கும் குனிந்து பார்க்கிறது. அந்தப் பன்னிரண்டு விநாடியும் நானும் பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிறேன். முதுகு பிடித்துக்கொள்கிறது. பரவாயில்லை.

இத்துடன் ரயில் டிக்கெட் இருக்கிறது. ஜூலை 29, ஜன்னல் ஓர இருக்கை. கம்பெனிக்கு ராஜினாமா எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பு. ராஜினாமாவை அறைத்தோழியை எழுதச் சொல். ரயில் கதவை யாரையாவது சாத்தச் சொல். ஜன்னலை இறக்காதே, காற்று வந்தால் வரட்டும். பெட்டி படுக்கையைத் தூக்க ஆள் பிடித்துக்கொள். வலது கையைப் பையிலேயே வைத்திரு. ஸ்டேஷனில் நான் நிற்பேன், அம்மா நிற்பாள். கையாட்ட வேண்டாம். பார்த்தாலே போதும்.

உன் மாமன்

பி.கு.: மூன்றாவதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உன்னிடமே இருக்கட்டும்.